இலக்குன்னா என்னங்க்கா? ஐ.நா.வின் 17 இலக்குகளை ஊருக்குள் எடுத்துச் சொல்லும் விதம்

முதல் தடவை இதைப் பேசப் போனபோது, பயிற்சியில் கொடுத்துவிட்ட ஃபிளெக்ஸை மாரியம்மன் கோயில் திண்ணையில் கட்டினேன். பதினேழு வண்ணக் கட்டங்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள்’. எதிரே முப்பது பெண்கள். முதல் கட்டத்தில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆறாவது கட்டத்துக்கு வரும்போது பாதிப் பேர் பால் கறக்க எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒரு அம்மாயி கேட்டார்: “ஏங்கண்ணு, இதுக்கு ஃபாரம் எங்க குடுக்கறாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் சென்னிமலை, காங்கேயம், ஊத்துக்குளி, பெருந்துறைப் பக்கம் எத்தனையோ திண்ணைகளில் பேசிவிட்டேன். நான் தறிக்காரர் வீட்டுப் பெண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தேன். இப்போது மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் ஊரில் இதைப் பேசும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

நேரத்தை முதலில் பாருங்கள். சாயங்காலம் நாலரை மணிக்குக் கூட்டம் போட்டால் மாடு ஜெயித்துவிடும். சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பள நாள். அன்றைக்கு யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பால் நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம். கட்டினால் எல்லாரும் கட்டத்தை எண்ணிக்கொண்டு, எப்போது பதினேழு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது

கொஞ்சம்தான். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி நியூயார்க்கில் ஐ.நா. சபையின் 193 உறுப்பு நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்டவை இவை. மொத்தம் 17 இலக்குகள். அவற்றுக்குள் 169 உள் இலக்குகள். பெரும்பாலானவற்றுக்கு 2030 கெடு. இதற்கு முன்னால் 2000 முதல் 2015 வரை எட்டு இலக்குகள் இருந்தன; அவை பெரும்பாலும் ஏழை நாடுகளைப் பார்த்துச் சொன்னவை. இந்தப் பதினேழும் அமெரிக்கா, நார்வே உட்பட எல்லாருக்கும். இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். “அவிங்களுக்குமா?” என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள்.

இது திட்டம் இல்லை என்பதை முதல் ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை என்பது திட்டம். அதற்கு ஃபாரம் உண்டு. இலக்கு என்பது அளவு. இதைப் புரியவைக்க எனக்குக் கைகொடுத்தது செக்கிங் டேபிள்தான். பனியன் கம்பெனிக்கு ஆர்டர் வரும்போது பையர் ஒரு அளவுத்தாள் அனுப்புவார். மார்பு இத்தனை, உயரம் இத்தனை, கை இத்தனை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அளவு. செக்கிங்கில் இருக்கும் பெண் டேப்பை வைத்துப் பார்ப்பாள். அளவு வந்தால் பாஸ், இல்லையென்றால் ஆல்டர். பதினேழு இலக்கும் பதினேழு ஸ்டைல் மாதிரி. 169 என்பது அளக்க வேண்டிய இடங்கள். 230க்கு மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன, அவைதான் டேப். இப்படிச் சொன்னதும் ஊத்துக்குளிப் பக்கத்தில் ஒரு பெண் படக்கென்று கேட்டாள்: “அப்ப பையர் யாருங்க்கா? ரிஜெக்ட் ஆச்சுன்னா சரக்கை யாரு திருப்பி அனுப்புவாங்க?”

இந்தக் கேள்வி வந்தால் மழுப்பாதீர்கள். திருப்பி அனுப்ப யாரும் இல்லை. நாடுகள் தாமாக ஒப்புக்கொண்டது, தவறினால் தண்டனை கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் கணக்கை ஐ.நா.வில் தானே முன்வந்து வைக்கிறது. நம் நாட்டில் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2018 முதல் மாநிலங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. 2023-24 பட்டியலில் கேரளமும் உத்தராகண்டும் 79, தமிழ்நாடு 78, நாடு முழுக்கச் சேர்த்து 71. மார்க் ஷீட் என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

‘நிலையான’ என்ற சொல்

இந்தச் சொல்தான் முதல் முட்டுக்கட்டை. எங்கள் பக்கம் நிலையானது என்றால் பர்மனென்ட் வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘நிலையான வளர்ச்சி’ என்றதும் கவர்ன்மென்ட் வேலை தரப் போகிறார்கள் என்று ஒரு பையன் பயோடேட்டாவோடு வந்துவிட்டான்.

காங்கேயம் பக்கத்தில் நான் கொறங்காட்டை எடுத்துக்கொள்வேன். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலா மரமும் நிற்கும் மேய்ச்சல் காடு. காடு முழுக்க ஒரேயடியாக மாட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். வேலியால் பிரித்து, ஒன்றில் மேய்ந்து முடிந்ததும் அடுத்ததுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த இடத்தில் புல் மறுபடி தலையெடுக்கும். ஒரு பெரியவரிடம், “ரெண்டு உருப்படி சேர்த்து விட்டா என்னங்கய்யா ஆகும்?” என்று கேட்டேன். “ரெண்டு வருசம் பால்காசு நல்லா வருமுங். மூணாம் வருசம் மண்ணுதான் தெரியும்” என்றார். 1987இல் நார்வேயின் பிரதமராக இருந்த கிரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையில் ஐ.நா. ஆணையம் எழுதிய விளக்கமும் இதுதான்: இன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொள், வரப்போகிறவர்களுக்கு வேண்டியதில் கை வைக்காதே. அந்த அம்மையாரின் பெயரை நான் கூட்டத்தில் சொல்வதில்லை. பெரியவர் சொன்னதைத்தான் சொல்வேன்.

மாடு இல்லாத ஊரில் போர்க்குழாயைச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் ஆயிரம் அடி போட்டதும் தன் அறுநூறு அடி போரில் புகை வந்த கதை எல்லா ஊரிலும் நாலு பேரிடம் இருக்கும்.

‘பாலின சமத்துவம்’ என்று சொல்லாதீர்கள். ஒருமுறை அந்தத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன், பின்னால் இருந்த அண்ணன் ஒருத்தர், “பால் சொசைட்டி கூட்டமுன்னு நெனச்சு வந்துட்டனுங், லிட்டருக்கு ஏத்தறாங்களா?” என்று கேட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி என்று சொன்னால் போதும். சொல்வதைவிடத் தறிக்கு நூல் சுற்றும் தாரைக் காட்டலாம். எங்கள் ஊரில் கைத்தறிப் போர்வை நெய்யும் வீட்டில் தறியில் உட்காருபவர் ஆண் என்றால், ஊடை நூலைத் தாரில் சுற்றிக்கொடுப்பது அம்மாவோ மனைவியோ. நெசவாளர் யார் என்று கேட்டால் அவர் பெயரைச் சொல்வார்கள். தார் சுற்றியதற்குக் கூலி என்ன என்று கேட்டுப் பாருங்கள், முதலில் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று கோடு போடச் சொல்லுங்கள். என் அம்மாவின் கோடுகள் தரையில் இடம் போதாமல் சுவர் வரைக்கும் போயின. ஐந்தாவது இலக்குக்குள் இதற்கென்றே ஓர் உள் இலக்கு இருக்கிறது: சம்பளமில்லாத வீட்டு வேலையையும் பராமரிப்பையும் வேலையாக மதிக்க வேண்டும்.

ஆயிரத்துக்கு இருபத்தைந்து

சதவீதம் சொன்னால் தலையாட்டுவார்கள். ஆனால் மனதில் நிற்காது. எண்ணைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது இலக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பது 25க்கு மேல் போகக் கூடாது என்று ஓர் அளவு உண்டு. இதற்கு நான் ஒரு பை மக்காச்சோளமும் ஒரு கைப்பிடி தட்டப்பயிறும் கொண்டுபோவேன். பத்துப் பெண்களிடம் ஆளுக்கு நூறு சோளம் எண்ணச் சொல்லி ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டுவோம். ஆயிரம் குழந்தைகள். அதில் 32 சோளத்தை எடுத்துவிட்டு 32 தட்டப்பயிறு போடுவேன்: 2020ஆம் வருஷத்து மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி இந்தியாவின் நிலை. ஏழு பயிற்றை எடுத்தால் 25, அது இலக்கு. இன்னும் எடுத்து 13 ஆக்கினால் தமிழ்நாடு. எட்டு என்றால் கேரளம். எண்ணி எண்ணி எடுக்கும்போது கூட்டம் தாம்பாளத்தைச் சுற்றி நெருங்கி வந்துவிடும். (முதல் தடவை பயிறு இல்லாமல் சோளத்திலேயே குங்குமம் தடவி அடையாளம் வைத்தேன். “செத்த கொழந்தைக்குப் போய்க் குங்குமமா?” என்று ஒரு ஆத்தா திட்டினார். அவர் திட்டியது சரிதான்.)

பெருந்துறைக்குப் பக்கத்து ஊரில் இப்படி எடுத்துக்கொண்டிருந்தபோது, அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா கையை நீட்டித் தடுத்தார். “எம்பட மூத்தவன் ஒன்றரை வயசுல வயித்தாலை போயி செத்துப்போனான் சாமி. அவன் இந்தக் கணக்குல வருவானா?” ஐந்து வயதுக்குள் என்றால் வருவான் என்றேன். ஒரே ஒரு தட்டப்பயிற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடியும் வரை கீழே போடவில்லை.

இப்படி நடந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள். அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். அன்றைக்கு நான் சும்மா இருந்ததால்தான் பக்கத்தில் இருந்தவர் பேசினார்: “அன்னைக்குக் குட்டைத் தண்ணிதானுங்க குடிச்சோம். தண்ணி சரியில்லாமத்தான் போச்சு.” மூன்றாவது இலக்குக்கும் ஆறாவது இலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வைத்திருந்த விளக்கத்தைச் சொல்லவே வேண்டி வரவில்லை.

நம் மாநிலம் இலக்கைத் தாண்டிவிட்ட இடங்களில் ஒரு சிக்கல் வரும். தாய் இறப்பைப் பாருங்கள்: லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 70க்குக் கீழே உலகம் வர வேண்டும் என்பது அளவு. 2018-20 கணக்கில் இந்தியா 97, தமிழ்நாடு 54. “அப்பறம் நாமதான் பாஸாச்சே, கெளம்பலாமா?” என்பார்கள். கேரளம் 19 என்று சொல்லுங்கள். மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். கொங்கு நாட்டில் பக்கத்துத் தோட்டக்காரரின் விளைச்சலைச் சொன்னால் கேட்காதவர் யாரும் இல்லை.

டாலர்க் கணக்கில் ஒரு பள்ளம்

திருப்பூர்ச் சுற்று வட்டாரத்தில் முதல் இலக்கைப் பேசும்போது கவனம். கொடிய வறுமைக் கோட்டை டாலரில் சொல்வார்கள். 2015இல் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 1.25 டாலர், உலக வங்கி அதைப் படிப்படியாக ஏற்றி 2025 ஜூனில் 3 டாலராக மாற்றியது. நீங்கள் மூன்று டாலர் என்று வாயைத் திறந்ததும், எங்கள் ஊர்ப் பையன்கள் அன்றைக்கு ரேட்டைப் போட்டுப் பெருக்கிவிடுவார்கள். டாலர் ரேட்டைத் தெரியாமல் அங்கே டீ குடிக்கிறவர்கூடக் கிடையாது. ஆளுக்கு இருநூற்றைம்பதுக்கு மேல் வரும். “நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆயிரம் ரூபாயா? அப்படிப் பாத்தா ஊரே ஏழைதானுங்க” என்று ஒருவர் சிரிப்பார்.

அந்தப் பெருக்கல் தவறு. அது வங்கி மாற்றும் டாலர் இல்லை. அமெரிக்காவில் மூன்று டாலருக்கு என்ன சாமான் வாங்கலாமோ அதை நம் ஊரில் வாங்க எத்தனை ரூபாய் ஆகும் என்று விலைவாசியைப் பார்த்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் இட்லியும் முடிவெட்டும் அங்கே இருப்பதைவிட ரொம்ப மலிவு என்பதால், பேங்க் ரேட்டில் வருவதைவிட மிகக் குறைந்த தொகைதான் வரும். இரண்டு ஊர் இட்லி விலையைச் சொன்னால் புரிந்துவிடும். இன்னொன்று: ஏழைகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ‘வறுமை ஒழிப்பு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். ஒழிக்கப்படுவது தாங்கள்தானோ என்று கேட்பவர்களுக்குக் கூசும்.

எட்டா, ஆறா?

பயிற்சியில் பதினேழு இலக்கும் கைகோத்து நடப்பதாகச் சொல்லித் தருவார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். நொய்யலைப் பார்த்தவர்கள் நாங்கள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. பாசனத்துக்கென்று சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் கட்டி முடித்தார்கள். திருப்பூரில் சாயப்பட்டறைகள் பெருகப் பெருக, அணையில் சாயக்கழிவு தேங்கியது. எங்கள் சின்ன மாமனார் கிணற்றுத் தண்ணீரில் தென்னை கருகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே வருஷங்களில் திருப்பூர்ச் சம்பளத்தில்தான் என் தங்கை கல்யாணமும் நடந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. அந்த மாதங்களில் வேலை போனவர்களும் எங்கள் ஊரில் உண்டு.

எட்டாவது இலக்கு கண்ணியமான வேலை. ஆறாவது தண்ணீர், அதற்குள் சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தனியாகவே ஓர் அளவு இருக்கிறது. பன்னிரண்டாவது, பொருளை எப்படிச் செய்கிறோம் என்பது. இந்த மூன்று எண்களையும் தரையில் எழுதி, நொய்யல் கதையில் யாருக்கு எது போனது, எது கிடைத்தது என்று கேளுங்கள். சண்டை வரும், வரட்டும். என் கூட்டங்களில் உருப்படியான பேச்சு நடந்தது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் சாயப்பட்டறைக் கூலியும் இருப்பார், கிணறு கெட்டவரும் இருப்பார்.

மற்ற இலக்குகளை வேகமாகத் தாண்டலாம். ஏழாவதுக்கு உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைக் கையால் காட்டினால் முடிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நீங்கள் சொல்வதைவிட அவர்கள் அதிகம் சொல்வார்கள். பதினாலாவது கடல். நமக்குக் கடலே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், வாரச்சந்தையில் கருவாடு விற்கிறவரைப் பேசச் சொல்லுங்கள். பதினாறையும் பதினேழையும் நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். யாரும் இதுவரை அதைக் கேட்டுச் சண்டைக்கு வந்ததில்லை.

குடத்தில் முடியுங்கள்

கூட்டம் முடியும்போது கையில் ஓர் எண் இருக்க வேண்டும். நான் தண்ணீரை எடுத்துக்கொள்வேன். எல்லா ஊரிலும் அதுதான் எரியும் விஷயம்.

ஆறாவது இலக்கு, எல்லாருக்கும் பாதுகாப்பான குடிநீர் என்கிறது. 2019 ஆகஸ்ட் 15இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் இதை நம் ஊருக்கு ஓர் அளவாகப் போட்டிருக்கிறது: கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், வீட்டுக் குழாயில். 55 லிட்டர் என்றால் எவ்வளவு? ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவரச் சொல்லி, லிட்டர் பாட்டிலால் ஊற்றி அளந்து பாருங்கள். அன்றைக்கு நாங்கள் அளந்த குடம் 14 லிட்டர் பிடித்தது. ஆளுக்கு நாலு குடம் பக்கம். நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், பதினாறு குடம்.

அந்தக் குடத்துக்காரப் பெண்ணின் வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒன்பது குடம் ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 126 லிட்டர். மூன்று நாளுக்கும் நாலு பேருக்கும் வகுத்தால் ஆளுக்குப் பத்தரை லிட்டர். “உப்புத் தண்ணிக் குழாய் தெனமும் வருதுங்க்கா, அதையும் சேக்கலாமா?” என்றாள். குடிக்க முடிந்தால் சேர்த்துக்கொள் என்றேன். கூட்டமே சிரித்தது.

இதைக் கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் பதினேழு இலக்குகளையும் ஊராட்சிகளுக்காக ஒன்பது தலைப்புகளாகச் சுருக்கியிருக்கிறது. அதில் ஒன்று தண்ணீர்த் தன்னிறைவு. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தை அந்தத் தலைப்புகளை வைத்துத்தான் எழுத வேண்டும். ஆகவே ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதில்லை’ என்று எழுதாதீர்கள். அதற்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வரும், அதோடு கதை முடிந்துவிடும். இருப்பது எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு, எப்போதுக்குள் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். அந்தப் பெண் எழுதியது இப்படி இருந்தது:

‘எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தரை லிட்டர் குடிநீர் வருகிறது. அரசு அளவு 55 லிட்டர். அடுத்த கிராம சபைக்குள் இது எத்தனை லிட்டர் ஆகும் என்பதைத் தீர்மானத்தில் பதிவு செய்ய வேண்டுகிறோம்.’

இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் தத்தம் குடத்தை எண்ணித்தான் கையெழுத்துப் போட்டார்கள். மே 1 கூட்டத்தில் வாசித்தபோது முதலில் ஒரு சலசலப்பு. பத்தரை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மேடையில் இருந்தவர் கேட்டார். அவள் பாட்டிலையும் குடத்தையும் பையிலிருந்து எடுத்து வைத்தாள். தீர்மானத்தில் எண் ஏறியது.

இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒன்பது குடம் வருகிறது. ஆளுக்குப் பதினாறு லிட்டர் பக்கம். 55க்கு இன்னும் வெகு தூரம். தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் அவள் அதை எறிவதில்லை. பின்பக்கம் அன்றைக்கு வந்த குடத்தின் எண்ணிக்கையை எழுதி, அடுக்களை ஆணியில் குத்தி வைத்திருக்கிறாள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாள்களை நூலில் கோத்து எடுத்துக்கொண்டு போகப் போவதாகச் சொன்னாள்.